சுபேதார் யாருக்குத் தாத்தா?

திருமணப் பதிவு அலுவலகத்துக்கு உக்கிரபாண்டி தன் முன்னோர் சுபேதார் வீரணனின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார் என்று ஊரில் பேச்சு.

வம்சம் தேடும் கருவி பச்சை விளக்கு காட்டினால்தான் கல்யாணம். அது ஆறு தலைமுறை ஏறிப்போய்ச் சிவப்பைக் காட்டியது.

"இருவருமே சுபேதார் வீரணனின் மகன்வழி வாரிசுகள். அண்ணன் தங்கை முறை."

மகள் மதிவதனியின் கை மாப்பிள்ளையின் கையிலிருந்து நழுவியது. உக்கிரபாண்டி கருவியின் தலையில் ஓங்கித் தட்டினார்.

"நல்லாத் தேடுப்பா மெஷினு!"

தேடியது. "1871 மக்கள்தொகைக் கணக்கில் சுபேதாரின் மகனான மணமகளின் முன்னோருக்கு ஒரு வயது. பட்டாளப் பதிவின்படி, அதற்கு முந்தைய நான்கு வருடமும் சுபேதார் ஊருக்கே வராமல் பர்மாவில் இருந்தார். அந்தக் குழந்தை அவருடையதல்ல என்று மணமகளின் தந்தை ஒப்புக்கொண்டால் தடை நீங்கும்."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப சுபேதார் எங்களுக்கு மட்டுந்தானா, சம்பந்தி?"

வாசலில் தொடங்கி மாட்டுத்தொட்டிவரை 'சுபேதார் இல்லம்' என்று பொறித்து வைத்திருந்த மனிதருக்கு மீசை நுனி துடித்தது.

"வேணாம்ப்பா," என்றாள் மதிவதனி. "ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் தாயி. எழுதிக்க மெஷினு, அவரு எங்க ஆளு இல்ல. ஆனா எங்க பூட்டியப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுன, ஒன்ன ஒடச்சுப்புடுவேன்!"

பச்சை எரிந்தது. உக்கிரபாண்டி பதக்கத்தைக் கழற்றி மாப்பிள்ளையின் சட்டையில் குத்தினார்.

"குளிக்கும்போது கழட்டிருங்க மாப்ள. சோப்பு ஏறுனா கறுத்துரும்."