எண்ணும் மேசை

ஐந்து மாடியிலிருந்து ஒரே கூடமாகச் சுருங்கிவிட்ட பல்கலைக்கழக நூலகத்தில், ரஹீமாவின் புத்தகம் இருந்த இடம் காலியாக இருந்தது. உப்பளத் தொழிலாளர்களின் சொற்களைத் தொகுத்த அகராதி அது. வேறெங்கும் பிரதி இல்லை. மூன்று வருடமாக அதை வைத்துத்தான் ஆய்வு செய்கிறாள்.

நூலகர் தேவசகாயம் திரையைப் பார்த்தார்.

"மூணு வருஷமா யாரும் தொடலன்னு காட்டுதும்மா. அதான் நேத்தே அரைச்சுக் கூழாக்கியாச்சு."

"தினமும் நான்தானே சார் எடுத்தேன்!"

"படிச்சிட்டு எங்க வச்ச?"

"எடுத்த இடத்துலயேதான். நம்பர்கூடப் பிசகாம."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேசையிலேயே விட்டுட்டுப் போயிருக்கணும்மா. ராத்திரி சாத்துறப்ப மேல கிடக்குறதத்தான மேசை படிச்சதா எண்ணுது."

"ஸ்கேனாவது இருக்குமா சார்?"

"பூஜ்யம் வாங்குனதுக்கு ஸ்கேன் எடுக்கமாட்டாங்க."

ரஹீமா பையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்கு நடந்தாள். வழியில் ஒரு மேசைமேல் யாரோ படித்துவிட்டுப் போன மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. அவள் கை தானாக அதை எடுத்து, நம்பர் பார்த்து, அடுக்கில் சரியான இடத்தில் செருகியது.

மேசை ஓரத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்த 'ஒன்று', பூஜ்யமாக மாறியது.