படிக்கிறான்

றிம்சான் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கியபோது மணி ஆறு பத்து.

பாட்டு பத்து நிமிடம். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆறு பதினெட்டுக்கு.

எல்லாம் பொன்னாடையால் வந்த வினை. ஆகஸ்ட் விடுமுறைக்குக் கல்முனைக் கடைத்தெருவில் வர்த்தகர்கள் சேர்ந்து நடத்தும் இலவசக் கச்சேரி இது. சனிக்கிழமைதோறும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடிய வேண்டும். இன்று கடைசிச் சனிக்கிழமை. கடைசி என்றதும் மேடையில் ஏறியவருக்கெல்லாம் ஒரு பொன்னாடை, பொன்னாடை வாங்கியவரிடமிருந்தெல்லாம் ஒரு பேச்சு. பாட வந்த பிள்ளை ஓரமாக நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான்.

பாங்குக்குப் பாட்டு நிற்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பள்ளி ஒலிபெருக்கியில் மைக் திறக்கும் 'டொக்' சத்தம் கேட்டால் போதும், பாண்டிருப்பிலிருந்து வந்து ஒலியமைப்புச் செய்யும் பவிதரன் முதல் ஆளாகச் சுவிட்சைத் தட்டிவிடுவான். போன சனி கொழும்பிலிருந்து வந்த பாடகரையே பாதி வரியில் நிறுத்தியவன் அவன்.

பாங்கு சொல்லும் மோதினாரும் லேசுப்பட்டவர் இல்லை. கடைத்தெருவே அவர் குரலைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்தும்.

நான் ஜுனைட்டின் புடைவைக் கடை மேல்மாடியில் பெண்களோடு நின்றிருந்தேன். என் மகன் இந்த ஊரில் பாடுவது இதுதான் முதல் தடவை. பாதியில் அவனை நிறுத்திவிட்டால், 'இதுக்குத்தானா மூணு வருஷம்' என்று சொல்லச் சிலர் காத்திருந்தார்கள்.

மூன்று வருடமாக யார் கேட்டாலும், மட்டக்களப்பில் படிக்கிறான் என்று மட்டும் சொல்லிவந்தேன். என்ன படிக்கிறான் என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பாட்டையும் படிப்பது என்றுதான் சொல்வோம். ஆகவே அது பொய்யில்லை.

வீட்டுக்காரருக்கு அந்தப் படிப்புப் பிடிக்கவில்லை. ஏசவில்லை, கதவைச் சாத்தவில்லை. ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். அதுவரை "றிம்சான் சோறு திண்டானா?" என்று கேட்டவர், அன்றிலிருந்து "உன்ட மகன் சோறு திண்டானா?" என்று கேட்கத் தொடங்கினார். காய்ச்சல் வந்தபோதும் என் மகனுக்குத்தான் வந்தது. அவருக்குப் பங்கே இல்லாமல் நான் தனியாகவே பெற்றெடுத்த மாதிரி.

கச்சேரி நோட்டீஸில் றிம்சானின் பெயர், பிரதம அதிதியின் படத்துக்குக் கீழே கடுகளவு எழுத்தில் இருந்தது. அதை மடித்து, அலுமாரியில் அவருடைய தொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் மடிப்பு மாறியிருந்தது. 

இன்று வரச் சொன்னேன். அந்த நேரம் வேலை இருக்கிறது என்றார். அதுவும் பொய்யில்லை.

கீழே மேடையில் றிம்சானின் குரல் மேலே ஏறியது. கடலுக்குப் போனவர்களைக் கரையில் நின்று கூப்பிடுகிற பாட்டு, அவனே கட்டியது. கூப்பிடும் இடத்தில் ஒரே மூச்சில் இழுத்தான். பக்கத்தில் நின்ற சல்மா உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டா. அந்தத் தொண்டை என்னிடமிருந்து வந்ததில்லை. நான் தாலாட்டினால் தூங்கிய பிள்ளையும் எழும்பிவிடும்.

ஐஸ்கிரீம்காரர் மணி அடிப்பதை நிறுத்தியிருந்தார். ஓட்டோக்கள் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. என் பிள்ளைக்காக ஒரு தெருவே நின்றது. 

'டொக்.'

ஆறு பதினெட்டு. தொடர்ந்து மோதினாரின் செருமல். அந்தச் செருமலை நித்திரையிலும் நான் அடையாளம் காண்பேன்.

ஆண்கள் தலையில் தொப்பியை வைத்தார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். பவிதரனின் கை சுவிட்சுக்குப் போனது. றிம்சானுக்கு எதுவும் கேட்கவில்லை. கடைசி அடி மிச்சம் இருந்தது.

பாங்கு வரவில்லை.

மைக் திறந்தேதான் இருந்தது. பள்ளிக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம்கூடக் கேட்டது. பவிதரன் பள்ளியை அண்ணாந்து பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

றிம்சான் கடைசி அடியையும் பாடினான். ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், ஆறுதலாகப் பாடி முடித்தான்.

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் பள்ளியைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த அமைதியில், பள்ளியைக் கூட்டித் துடைக்கும் காலிதீன் உள்ளே கேட்டது கடைத்தெரு முழுக்க ஒலித்தது.

"நேரம் பிந்திட்டு மோதினார். ஆரு அது, படிச்ச?"

மோதினார் இன்னொரு தடவை செருமினார்.

"என்ட மகன்."

இருபத்திரண்டு வருடமாக அந்த மைக்கில் பாங்கையும், யாரும் இறந்தால் சொல்லும் ஜனாஸா அறிவித்தலையும் தவிர ஒரு சொல் கூடுதலாகச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர்.

பிறகு பாங்கு தொடங்கியது. மேடையில் றிம்சான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். அதே மூச்சு, அதே இழுப்பு. நான் வழமைபோல் பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் வாய்க்குள் பதில் சொன்னேன். 

மைக் திறந்திருந்ததை வீட்டில் நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. நாளைக் காலையில் மீன் வாங்கப் போவார். சந்தை சொல்லும்.