நாடி பார்க்கும் மைக்

பிடித்திருப்பவரின் நாடி நிதானமாக இருந்தால்தான் அந்த மைக் வேலை செய்யும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் இப்போதெல்லாம் அதுதான் முறை.

அமலோற்பவம் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தாள். கை வெடவெடத்தது, மைக்கின் சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறவில்லை. ஆலையில் கேஸ் கசிந்து மகள் போன பிறகு, அதே ஆலையை இன்னும் பெரிதாக்கக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அடுப்படியில் நின்று நாள்தோறும் சொல்லிப் பழகிய பேச்சு அது.

"படபடப்ப அடக்குத பட்டையை ஒட்டிக்கோங்க மைனி. எல்லாரும் ஒட்டிக்கிட்டுத்தான் பேசுதாவ" என்று நாத்தனார் ரெஜினா அவள் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டாள்.

நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கியது. கை நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. மேடையில் இருந்த அதிகாரிகளை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள்.

"என் மக ஜெனிட்டா இந்த ஆலை கேஸ்லதான் செத்தா. பன்னெண்டு வயசு."

குரல் பிசிறவே இல்லை. அதற்கு மேல் என்ன சொல்ல வந்தோம் என்று யோசித்தாள். சொல்லியே ஆக வேண்டியதாக எதுவும் தோன்றவில்லை.

"நடக்கது எல்லா எடத்துலயும் நடக்கத்தான் செய்யுது. நீங்க பாத்துச் செய்யுங்க."

"ரொம்பத் தெளிவாப் பேசினீங்கம்மா" என்ற அதிகாரி, ஆட்சேபணை இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

படியிறங்கியதும் ரெஜினா பட்டையை உரித்தாள். அமலோற்பவத்தின் கை மறுபடி வெடவெடக்கத் தொடங்கியது. "ஐயோ, என்னட்டி சொல்லிட்டு வந்தேன்?" என்று திரும்பி ஓடினாள். அடுத்தவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி வாயருகே வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.