அங்கே ஜனங்கள் எப்படி

"அங்க தண்ணி ஒத்துக்காதுடா. கொதிக்க வெச்சாலும் ஒத்துக்காது," என்றார் ரேடியோ மாமா, காலி அலமாரியில் முதுகைச் சாய்த்தபடி.

அந்த அலமாரியைத் தூக்கத்தான் சுமையாட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

மாமியாரின் தம்பி அவர். திறந்தால் மூட முடியாது என்பதால் அந்தப் பெயர். கம்பெனி வேலையாக ஒரே ஒரு தடவை அந்த மாநிலத்துக்குப் போனவர். போன அன்றே வயிறு கெட்டு, திரும்பும்வரை விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆக, அவர் அங்கே கண்டது ஒரு கழிவறை. பேசுவது ஒரு மாநிலத்தைப் பற்றி.

அந்த வீட்டு மருமகள் ஒரு பீங்கான் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

கணவனுக்கு அந்த மாநிலத்துக்கு மாற்றல். வாசலில் லாரி. வழியனுப்ப வந்த சொந்தங்கள் காலையிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. புத்திமதியை மட்டும் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதை ஏற்றிப் போகத் தனி லாரிதான் பிடிக்க வேண்டும்.

மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் நாத்தனார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாவட்ட எல்லையைத் தாண்டாதவள். தாண்டாததால் தகவலுக்குக் குறைவில்லை.

"வீட்டு வேலைக்கு அங்கத்திய பொம்பளைங்களை மட்டும் உள்ள விட்டுடாதண்ணா. கை நீளம். வாய் அதைவிட நீளம்."

"உம்," என்றான் அண்ணன்.

காலையிலிருந்து எல்லோருக்கும் அவன் கொடுத்த பதில் அதுதான். தண்ணீருக்கும் உம். திருட்டுக்கும் உம். தலையாட்டுவதற்கென்றே கழுத்து வாய்த்த மனிதன்.

மாமியாருக்குக் கவலை பேத்தியைப் பற்றி. மகனின் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "குழந்தையை அந்தப் பிள்ளைங்களோட ரொம்ப சேர விடாத. அந்தப் பேச்சு ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் போகாது."

"உம்."

எல்லாம் அவனிடம்தான் சொன்னார்கள். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கட்டி வைத்த பெட்டிகளைச் சுற்றிப் போவதுபோல அவளையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சமாவது தகுதி வேண்டும். அவள் பெட்டியை மூடி, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

லாரி ஓட்டுநர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த மாநிலத்துக்காரர். இங்கே சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பும் வண்டி அது. அலமாரியைக் காட்டி, வாசலைக் காட்டி, என்னவோ சொன்னார்.

கூடத்தில் யாருக்கும் அந்தப் பாஷை புரியவில்லை.

மறுபடி சொன்னார்.

"என்னப்பா வேணும்?" என்று மாமா கத்தினார். உரக்கச் சொன்னால் எந்த மொழியும் புரிந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

ஓட்டுநர் வீட்டுத் தலைவனைப் பார்த்தார்.

"உம்," என்றான் அவன்.

அவள் எழுந்து நின்றாள். புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பதில் சொன்னாள்.

முதல் வார்த்தை கரகரத்தது. அடுத்ததிலிருந்து தடையில்லை. அலமாரியின் பின்கால் ஆட்டம், சாய்க்காமல் தூக்க வேண்டும், கட்டில் பலகையை அடியில் போட வேண்டும் என்றெல்லாம் அவருடைய பாஷையில் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஓட்டுநரின் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து, அந்த ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தன் தெருவின் பெயரைச் சொன்னார். அவள் சிரித்தாள். வாய்விட்டு. அந்த வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டிராத சிரிப்பு.

அவர் இன்னொன்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தணிந்தது.

மகள் ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். "அம்மா, இது யாரோட பாஷை?"

"என்னோடது."

அவளுடைய அம்மா அவளைத் திட்டியது, கொஞ்சியது எல்லாம் அந்தப் பாஷையில்தான். அங்கே வேலைப் பயிற்சிக்கு வந்தவனை விரும்பி, பெற்றவர்கள் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் வாரமே மாமியார், அந்தச் சத்தம் இங்கே கேட்கக் கூடாது என்று மகனிடம் சொன்னாள். அவன் அன்றைக்கும் உம் என்றான். அதோடு அவளுக்கு ஒரு ஊர் இருந்தது என்பதே அடங்கிப்போனது. பிள்ளைக்குக்கூட யாரும் சொல்லவில்லை.

நாத்தனார் நாற்காலியிலிருந்து காலை இறக்கினாள். கணவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

மாமியார் அன்றைக்கு முதல்முறையாக மருமகளைப் பார்த்துப் பேசினாள். "என்ன கேக்கிறான் அவன்?"

"நான் யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டாரு, அத்தை."

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னேன்."