கேன்டீன்காரர் போட்ட கண்டிஷன்

"லைட்டுக்குன்னு என் வண்டியிலேர்ந்து ஒரு ஒயர்கூட எடுக்கப்படாது. சம்மதம்னா பிள்ளையாரை ஏத்துங்கோ. இல்லேன்னா டிரெய்லரை இப்பவே கழட்டிடறேன்."

சூர்யநாராயணன் கறாராகச் சொல்லிவிட்டு, தன் சின்ன லாரிக்குப் பின்னால் காவல்காரர் மாதிரி நின்றுகொண்டார்.

சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புனேயில், ஹிஞ்சேவாடிக்குப் பக்கத்தில் உள்ள அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வருடமாக கணபதி ஊர்வல அலங்காரம் அவள் பொறுப்பு. சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவள், மராட்டிக்காரர்களே மெச்சும்படி அலங்காரம் செய்கிறாள் என்றால் சும்மாவா? இன்னும் ஒரு மணி நேரத்தில் பிள்ளையாரைக் கரைக்கக் கிளம்பவேண்டும். இந்த நேரத்தில் போய் மானத்தை வாங்குகிறாரே, அதுவும் நம்ம ஊர்க்காரர்!

சூர்யநாராயணன் அங்குள்ள கம்பெனிகளுக்கு இட்லி, பொங்கல் சப்ளை செய்யும் கேன்டீன்காரர். குடியிருப்பு முழுக்க அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடும். அவருடையது சாப்பாடு ஏற்றும் மூடின வண்டி. அதனால் வருடாவருடம் பின்னால் ஒரு டிரெய்லரைக் கோத்து, அதில் பிள்ளையாரை உட்கார வைப்பார்கள்.

"சீரியல் லைட்டெல்லாம் அப்ப எதுல எரியும் சார்?"

"டிரெய்லர்லயே தனி பேட்டரி வச்சிருக்கேனேம்மா. பிரேக் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் மட்டும்தான் லாரிலேர்ந்து ஒயர் வரது. அதுவும் இந்தப் பொட்டி வழியா. அதைத் தொடாதே."

"இத்துனூண்டு பேட்டரியா? இந்த வருஷம் பிள்ளையாருக்குப் பின்னாடி சுத்துற சக்கரம் வேற இருக்கு சார்!"

"இருக்கறதுக்குள்ள பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் எடுத்துவர வீட்டுக்குப் போய்விட்டார்.

சாமிக்கே அளந்து கொடுக்கிற மனுஷர்!

எதிர்வீட்டு ராஜஸ்ரீ காதோரம் வந்து இந்தியில் கேட்டாள். "உங்க அண்ணாவுக்கு இந்த வருஷம் என்ன ஆச்சு?"

அந்த 'உங்க'தான் சந்திரிகாவுக்குச் சுருக்கென்றது.

போன வருஷம் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? பாதி வழியில், நாலு ரோடு கூடுகிற இடத்தில், லாரி புகைந்து நின்றேவிட்டது. பிள்ளையார் வேறு வண்டிக்கு மாறிப் போனார். "சர்வீஸ் விடாம இருந்துட்டேன், என் தப்புதான்" என்று இவர் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 'பொறுப்பில்லாதவர்களிடம் சாமி காரியத்தை ஒப்படைக்காதீர்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதித் தீர்த்தவள் சந்திரிகாதான். அதற்கு நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

"சக்கரத்தை மாட்டுங்க, பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

மாட்டினார்கள். சக்கரம் ஜம்மென்று அரைச் சுற்று சுற்றியது. அப்புறம் பொட்டென்று எல்லா விளக்கும் அணைந்தது. குழந்தைகள் "ஓ!" என்று கத்தினார்கள்.

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன்!" என்றாள் சந்திரிகா.

சூர்யநாராயணன் கூட்டிவந்திருந்த எலக்ட்ரீஷியன் ஜெயந்த் சாவகாசமாக வந்து பெட்டியைத் திறந்தான். இந்தியில் சொன்னான்.

"ஃபியூஸ்தான் போயிருக்கு மேடம். நல்லதுக்குத்தான். லாரிக்கு ஒண்ணும் ஆகலை பாருங்க. சக்கரத்துக்குத் தனியா ஒரு ஃபியூஸ் போட்டுடறேன்."

"விளக்கு அணைஞ்சது நல்லதா?"

"போன வருஷம் இந்த ஏற்பாடு இருந்திருந்தா அண்ணாவோட லாரி எரிஞ்சிருக்காதே!"

"அது சர்வீஸ் விடாததால..."

ஜெயந்த் சிரித்துவிட்டான். "யார் சொன்னது? மாசாமாசம் எங்கிட்டதான் வண்டி வரும். யாரோ பின்விளக்கு ஒயரைச் சுரண்டி, அத்தனை சீரியல் லைட்டையும் அதுலயே முறுக்கி விட்டிருந்தாங்க. ஒரு விளக்குக்கு உண்டான ஒயர், தாங்குமா? உருகிடுச்சு. லாரியோட மொத்த ஒயரிங்கும் போச்சு, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரும் போச்சு. பத்து நாள் வண்டி என் கடையிலதான் நின்னுச்சு. அண்ணா ஆட்டோவுல அண்டாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கம்பெனி கம்பெனியா அலைஞ்சார்."

"யார்... யார் அப்படிப் பண்ணாங்களாம்?"

"நானும் கேட்டேன். 'நானேதான் பண்ணேன்'னு சொல்லிட்டார். நம்புற மாதிரியா இருக்கு? பரிசுப் பொட்டிக்கு ஒட்டுவாங்களே தங்கக் கலர் டேப், அதைச் சுத்தியிருந்தது மேடம். இட்லிக்காரருக்கு அது எதுக்கு?"

சந்திரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன வருஷம், கிளம்புகிற அவசரத்தில், பல்லால் ஒயரைக் கடித்துச் சுரண்டி, முறுக்கி, கைக்கு அகப்பட்ட தங்கக் கலர் டேப்பைச் சுற்றிவிட்டது அவளேதான். விளக்கு எரிந்ததும் பெருமையாக செல்ஃபி கூட எடுத்துக்கொண்டாள். லாரி நின்றதற்கும் அதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜெயந்த் புது ஃபியூஸைச் சொருகினான். விளக்குகள் குபீரென்று எரிந்தன. சக்கரம் சுழன்றது. "கணபதி பப்பா மோர்யா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. சந்திரிகா அதையெல்லாம் பார்க்கவில்லை.

கொழுக்கட்டைத் தூக்கோடு சூர்யநாராயணன் வந்துகொண்டிருந்தார். நேரே அவரிடம் ஓடினாள்.

"சார், போன வருஷம் அந்த ஒயரை நான்தான்..."

கண்ணில் நீர் முட்டியது.

அவர் ஜெயந்தைப் பார்த்து முறைத்தார். "வாயை வச்சுண்டு சும்மா இருக்க மாட்டானே இவன்!"

"நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"இங்க வேற யாரும்மா தங்கத்துல டேப் போடுவா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? குரூப்புல உங்களை அத்தனை திட்டினேனே!"

அவர் தூக்கைத் திறந்து, சூடாக ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சொல்லியிருந்தா, இந்த வருஷம் நீ அலங்காரம் பண்ண வந்திருப்பியாம்மா?"