நூற்று இருபத்தெட்டு டப்பா

அறுநூற்று நாற்பது ரூபாய். பழைய இரும்புக் கடை வாஹித் பாஷா, ஸ்டேஷன் ஜோதிக்குத் தர வேண்டிய பாக்கி அது. அது கைக்கு வந்தால்தான் அந்தப் பிள்ளைக்குக் குழி வெட்ட முடியும் என்று அமிர்தவள்ளி ஆம்பூர் பைபாஸ் ரோட்டில் வேகாத வெயிலில் நடந்தாள்.

கையில் சின்ன நோட்டு. எழுத்து கோணல்தான், கணக்கு நேராக இருந்தது.

ஷூ கம்பெனியில் அவளுக்குப் பேஸ்டிங் வேலை. தோலில் சொல்யூஷன் பசை தடவி ஒட்டி ஒட்டிப் பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவளுக்குத்தான் ஒரு வாசமும் தெரியாது.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ரயிலுக்கு நின்றபோது அவள் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றது அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை. பிளாட்பாரம்தான் அதற்கு வீடு.

"இன்னாடி பாக்கற?"

"பாக்கறதுக்கும் காசாக்கா?"

சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஜோதிக்கு ஒரு பிடி சோறு தனியாக வந்தது.

"காசு வேணுமாடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குடுத்தா பெரிய பசங்க புடுங்கிக்குவானுங்கக்கா. ஒங்க கம்பெனில காலி சொல்யூஷன் டப்பா இருக்குமே, அதக் குடு. பாய் கடைல போட்டா அஞ்சு ரூபா. அவருகிட்டயே சேத்து வைக்கிறேன். ஆயிரம் ஆனதும் பொட்டி வாங்கினு ஹாஸ்டலுக்குப் போய்டறேன்."

பிச்சை கேட்காத பிள்ளை. அமிர்தவள்ளி உருகிப்போனாள். சூப்பர்வைசர் கையைக் காலைப் பிடித்து தினம் ஒரு டப்பா வாங்கிவந்தாள். முதல் டப்பாவைச் சுரண்டிச் சுத்தமாகத்தான் கொடுத்தாள்.

"சொரண்டாதக்கா. அடியில கொஞ்சம் இருந்தா வெயிட்டு நிக்கும்."

"அடி கேடி! பொழச்சிக்குவ நீ."

அநாதைப் பிள்ளைகள் ஹாஸ்டல் சிஸ்டரிடம்கூடப் பேசி வைத்திருந்தாள். ஜோதியைக் கூப்பிடும்போதெல்லாம் "ஆயிரம் சேரட்டும்க்கா" என்றுதான் பதில். கண் சிவந்து, உடம்பு குச்சியாகிக்கொண்டே வந்தது. பிளாட்பாரத்துக் கொசுவும் பனியும் படுத்துகிற பாடு என்று அமிர்தவள்ளி ஒரு போர்வை வாங்கிக் கொடுத்தாள்.

இன்று காலை அந்தப் போர்வைக்குள்தான் கிடந்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வாயருகே ஒரு துணியோடு. போலீஸ்காரர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னா நாத்தம்பா இது!"

"செத்த புள்ளைய நாத்தம்னு சொல்றியே, நீயெல்லாம் மனுசனா?"

அவர் குரல் இறங்கியது. "சொந்தம் யாரும் இல்லன்னா முனிசிபாலிட்டில பொதைச்சிடுவாங்கம்மா."

"நான் இருக்கேன்," என்றாள் அமிர்தவள்ளி.

கடை வாசலில் வாஹித் பாஷா தகரம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஜோதி கணக்க முடிச்சிடுங்க. நூத்தி இருபத்தெட்டு டப்பா, அறுநூத்தி நாப்பது ரூபா."

"எந்த ஜோதிம்மா?"

"ஸ்டேஷன்ல இருக்குமே, செவப்புப் பாவாட. காலைல செத்துப்போச்சு பாய்."

தராசைக் கீழே வைத்தார். "யா அல்லா, அந்தப் புள்ளையா? அது ஒரு டப்பாகூட எனக்குப் போட்டதில்லியேம்மா."

"அடக்கத்துக் காசு பாய். அதுல போய் பொய் சொல்லாதீங்க!"

அவர் கோபப்படவில்லை. கல்லாவைத் திறந்து ஏழு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினார்.

"கடன்னு இல்லம்மா. மண்ணு போட வெச்சிக்கோ."

அமிர்தவள்ளி நோட்டைப் பிரித்து, ஜோதி பாக்கி என்று எழுதியிருந்ததன் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதைக்குத் துணில சொல்யூஷன ஊத்தி மோந்துனே கெடக்கும்மா. நானே எத்தினி வாட்டி டப்பாவப் புடுங்கி எறிஞ்சிருக்கேன். மறுநாள் பாத்தா கைல புது டப்பா."

பென்சில் அவள் கையிலேயே நின்றது.

"எந்தப் பாவிம்மா அதுக்கு தெனம் குடுத்தது?"