கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே

சாரதிப் பரீட்சை நிலையத்தின் தரிப்பிடத்தில் பனிமழை சரிந்து பெய்கிறது. அல்போன்சம்மாவின் மூன்றாவது பரீட்சைக்கு இன்னும் ஐந்து நிமிடங்களே உள்ளன. இம்முறையும் தவறினால், திங்கட்கிழமை புவாண்ட்-கிளேர் களஞ்சியசாலையில் தொடங்கவேண்டிய வேலை வேறொருவருக்குப் போய்விடும். வரும் வழியில் கிழிந்துபோன வைப்பர் பிளேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அவளுடைய தம்பி அன்டன் புதியதன் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருக்கிறான். அதைத் தாங்கவேண்டிய இரும்புக் கம்பி காரின் முன்கண்ணாடிக்கு மேலே வெறுமையாக நிமிர்ந்து நிற்கிறது.

“டேய், கண்ணாடியில துவாயைப் போடு. காத்தடிச்சால் கம்பி விழுந்து உடைச்சுப்போடும்.”

“ரெண்டு நிமிச வேலை அக்கா. லைசென்ஸே இன்னும் எடுக்கேல்லை, அதுக்குள்ள எனக்குப் பாடமோ!”

அவன் சிரிக்கிறான், அவள் சிரிக்கவில்லை. கட்டடத்தின் கதவு திறந்து பரீட்சகர் வெளியே வருகிறார். அதே கணத்தில் காற்று வீசுகிறது, கம்பி சாய்கிறது, அவளுடைய கை குறுக்கே பாய்கிறது. விசையோடு விழுந்த இரும்பு அவளது விரல்களில் அறைகிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

“ஐயோ அக்கா!”

“கதையாதை. கெதியாக் கொழுவு.”

விறைத்த கைகளால் அவன் கம்பியைத் தூக்கிப் புதிய பிளேட்டைக் கொழுவுகிறான். அவள் சாரதி இருக்கையில் ஏறிக்கொள்ள, ‘போன்ஜூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னபடி பரீட்சகர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, முதலில் வைப்பரை இயக்கிக் காட்டச் சொல்கிறார். கண்ணாடி ஒரே வீச்சில் தெளிகிறது. வீங்கத் தொடங்கிய விரல்களை அல்போன்சம்மா ஸ்டீரிங்கின் மேல் ஒவ்வொன்றாக மடக்குகிறாள். வெளியே, அக்கா போடச் சொன்ன துவாயை இப்போதுதான் எடுத்து இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி, அன்டன் நனைந்துகொண்டு நிற்கிறான்.